டும் சொல்பவன் திருச்சியில் இருக்கிறான்

1

கதைகள் எழுத்தாளரின் அடிமனதில் பிறக்கும் என்று சொல்கிறார்கள். இந்தக் கதை ஷார்ஜா ரோலாவில், ஊருக்குச் சாமான் அனுப்பும் ஒரு கார்கோ கடையில், பால் பவுடர் டப்பாக்களுக்கும் டேப் சுற்றிய போர்வை மூட்டைகளுக்கும் நடுவில் பிறந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு ஏமாற்றிவிட்டான் என்று யாரும் சொல்லக் கூடாது.

கடை முதலாளி சேதுபதி அண்ணன், சிவகங்கைப் பக்கத்துக்காரர். ஊருக்குப் போய்த் திரும்பி வரும்போது விமானத்தில் முன் சீட்டு முதுகில் ஒரு படம் பார்த்திருக்கிறார். வெளிநாட்டுக் கல்லூரிப் பிள்ளைகள் குழுக் குழுவாகச் சேர்ந்து, ஒரு வாத்தியமும் இல்லாமல், பாட்டு, கிடார், டிரம்ஸ் எல்லாவற்றையும் வாயாலேயே செய்து போட்டி போடுகிறார்களாம். காமெடிப் படம். ஹெட்போனில் ஒரு காது வேலை செய்யவில்லை, இருந்தாலும் வயிறு வலிக்கச் சிரித்தேன் என்றார்.

“ரைட்டரே, அதையே நம்ம ஆளுங்கள வெச்சு எடுக்கிறோம். துபாய் காலேஜு, தமிழ்ப் புள்ளைங்க, போட்டி, காமெடி. நீங்க கதையை எழுதிக் குடுத்துருங்க.”

“வாத்தியமே இல்லாமத் தமிழ்ப் படமாண்ணே?”

“அதுதானேய்யா விசேஷம். மியூசிக் டைரக்டரே வேணாம் பாருங்க.”

நான் ஒரு கட்டுமானக் கம்பெனியில் டாகுமென்ட் கன்ட்ரோலர். இன்ஜினியர்கள் வரைந்த படங்களுக்கு எண் போட்டு, பழைய படத்தில் ‘ரத்து’ என்று முத்திரை குத்தி, புதிய படத்தை சைட்டுக்கு அனுப்புகிறவன். இடையிடையே இரண்டு கதைகள் பத்திரிகையில் வந்திருக்கின்றன. அந்தப் பக்கங்களைச் சேதுபதி அண்ணன் லேமினேட் செய்து கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறார். இலக்கியத்துக்கு அவர் தந்திருக்கும் மரியாதையை நம் ஊர்ப் பல்கலைக்கழகங்கள் தந்ததில்லை.

சம்பளமாக என்ன தருவார் என்று கேட்பீர்கள். ஊருக்கு முப்பது கிலோ இலவச கார்கோ. தமிழில் எழுதுகிறவனுக்கு எடை போட்டுக் கூலி கொடுத்த முதல் ஆள் அவராகத்தான் இருக்கும். உடனே ஒப்புக்கொண்டேன்.

2

ஆரம்பங்கள்.

முதல் ஆரம்பம்: ‘வானத்தைத் தொடும் கண்ணாடிக் கோபுரங்களின் நடுவே, அந்த நகரம் கண்விழித்தபோது—’

[அடித்துவிட்டேன். அந்த நகரம் தூங்கினால்தானே கண்விழிக்க.]

இரண்டாம் ஆரம்பம்: ‘கொளுத்தும் வெயிலில் முருகேசனின் வியர்வை மணலில் விழுந்து—’

[இதையும் அடித்துவிட்டேன். வளைகுடாவிலிருந்து கதை அனுப்பினால் பத்திரிகைக்காரர்கள் ஒரு பிணமாவது எதிர்பார்க்கிறார்கள். பிணம் இல்லையென்றால் ஏமாற்று ஏஜென்ட், அவரும் இல்லையென்றால் குறைந்தபட்சம் ஒரு ஒட்டகம். கல்லூரிப் பிள்ளைகள் பாட்டுப் போட்டிக்குப் போகும் கதையில் ஒட்டகத்தை எங்கே கட்டுவது?]

மூன்றாம் ஆரம்பத்தை என் ரூம் மேட் நாகலிங்கத்திடம் படித்துக் காட்டினேன். ஏசி மெக்கானிக், அறந்தாங்கிக்காரர். கட்டிலில் படுத்தபடி கேட்டார்.

“அகாப்பெல்லாவா? அது என்ன ஓய், பலகாரம் பேரு மாதிரி இருக்கு?”

“வாத்தியம் இல்லாமப் பாடுறது. ஒருத்தர் பாட்டைப் பாடுவாங்க. மத்தவங்க வாயாலயே தாளம், பின்னணி எல்லாம் குடுப்பாங்க.”

“அப்ப ஃபைட்டு எங்க வருது?”

ஃபைட் இல்லை என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். என்னுடைய முதல் விமர்சகர் அவர்தான். விமர்சனம் அதோடு முடிந்தது.

3

ஆகவே நேராகக் கதைக்கு வருகிறேன். இனி வருகிறவர்கள் எல்லோரும் நான் கட்டிய ஆட்கள், யாரும் தேடிப் போக வேண்டாம்.

துபாய், அல் குசைஸில் ஒரு ஃப்ளாட். கல்யாணசுந்தரம் என்ற கணக்காளர், அவர் மனைவி வசந்தகுமாரி, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள் தன்யா. கதவைச் சாத்திக்கொண்டு தன்யா “ஊ… ஊ… ஆ…” என்று அரை மணி நேரமாக முனகுகிறாள். வசந்தகுமாரி ஓமத் தண்ணீர் கலக்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டுகிறார்.

“வயித்து வலியாடி?”

“மம்மி, ப்ளீஸ்! பிராக்டிஸ் பண்றேன்.”

“இதையா? இதுக்கா எட்டு வருஷம் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை உன்னப் பாட்டு கிளாஸுக்கு இழுத்துட்டுப் போனேன்?”

“ம்மா, இது பேக்கிங் பார்ட், பின்னணி. இது இல்லேன்னா லீட் நிக்காது.”

“அப்ப லீடு யாரு?”

“ரொட்டேட் பண்ணுவோம்.”

“நீ ரொட்டேட் ஆகாத. நீ நடுவுல நில்லு.”

வசந்தகுமாரியைச் சிரிப்புக்காகத்தான் எழுதினேன். ஆனால் நியாயம் அவர் பக்கமும் இருக்கிறது. நம் வீடுகளில் பாட்டு என்றால் ஒரு குழந்தை நடுவில் உட்காரும், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து தலையெழுத்தே என்று அதைக் கேட்போம். நாலைந்து பேர் சேர்ந்து பாடினாலும் எல்லோரும் ஒரே மெட்டைத்தான் பாடுவோம். ஒருத்தர் மட்டும் வேறு சுரத்தில் நின்றால் அவரை முறைப்போம். அகாப்பெல்லாவில் அந்த வேறு சுரத்தில் நிற்கிறவருக்குத்தான் வேலை. இதை வசந்தகுமாரிக்குப் புரியவைக்க எனக்கு இரண்டு பக்கம் ஆனது. அந்த இரண்டு பக்கத்தையும் உங்கள் நன்மைக்காக நீக்கிவிட்டேன்.

குழுவில் ஐந்து பேர். குழுவுக்கு முதலில் ‘குரல்வளைகுடா’ என்று பெயர் வைத்தேன். [சேதுபதி அண்ணன் கைதட்டினார். அதனாலேயே அடித்துவிட்டேன்.] இப்போது பெயர் இல்லாமல் இருக்கிறார்கள். ஐந்து பேரில் மூன்று பேரை நீங்கள் தெரிந்துகொண்டால் போதும். தலைமை தன்யா. வாயால் டிரம்ஸ் அடிப்பவன் ஈசா. அடிக்குரலில் ‘டும், டும்’ என்று நிற்பவன் ஷ்யாம்.

ஷ்யாமுக்குக் குரல் பதினைந்து வயதிலேயே கிணற்றுக்குள் இறங்கிவிட்டது. வீட்டில் போனை எடுத்து ஹலோ என்றால், வங்கிக்காரர்கள் அவன் அப்பா என்று நினைத்து கிரெடிட் கார்டு வேண்டுமா சார் என்று கேட்பார்கள். அவனும் யோசித்துச் சொல்கிறேன் என்பான். மற்ற நால்வரின் சுருதியும் அவன் தலையில்தான் நின்றது. அவன் ஒருநாள் வராவிட்டால் எல்லோரும் மேலே மேலே ஏறிப் போய்க் கடைசியில் கீச்சிடுவார்கள்.

4

இந்த இடத்தில் திரைக்கதை இலக்கணப்படி ஒரு தடங்கல் வர வேண்டும். சேதுபதி அண்ணன் எதிர்பார்த்தது காதல். தன்யாவை ஷ்யாமும் ஈசாவும் ஒரே நேரத்தில்—

[இல்லை.]

வளைகுடாவில் தடங்கலைக் கற்பனை செய்ய வேண்டியதே இல்லை, அது கம்பெனி லெட்டர்ஹெட்டில் வரும். ஷ்யாமின் அப்பாவுக்குக் கம்பெனியில் ஆள் குறைப்பு. வேறு இடத்தில் வேலை கிடைத்தது, சம்பளம்தான் பழையதில் பாதி. பிறகு எல்லோரும் செய்வதை அவரும் செய்தார். ஃப்ளாட்டைக் காலி செய்தார். சோபாவை அடுத்த வீட்டுக்காரருக்குக் கொடுத்தார். குடும்பத்தை ஊருக்கு ஏற்றிவிட்டார். தான் ஒரு ரூமில் ஒரு கட்டிலுக்கு மாறினார். இங்கே அப்படி மாறியவர்களுக்குப் பெயர் பேச்சிலர். கல்யாணமாகி இருபது வருஷமானவரும் பேச்சிலர்தான்.

ஷ்யாம் திருச்சியில் ஒரு கல்லூரியில் சேர்ந்தான். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்கு ஒரு மாதம் இருந்தது.

‘விமான நிலையத்தில் அவன் திரும்பிப் பார்த்தபோது—’

[விமான நிலையக் காட்சி எழுதவே மாட்டேன். அதில் அழுது அழுது தமிழ் சினிமாவுக்கே நீர்ச்சத்து குறைந்துவிட்டது.]

அடுத்த பிராக்டிஸுக்கு நால்வரும் தன்யா வீட்டில் கூடினார்கள். யாரும் வேறு அடிக்குரலைத் தேடவில்லை. தன்யா போனை எடுத்தாள், ஷ்யாமைக் கூப்பிட்டாள், மைக் ஸ்டாண்டில் போனை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினாள். “ஓகே, யல்லா, ஸ்டார்ட்” என்றாள். அவ்வளவுதான்.

இந்த இடத்தில் வாசகர்கள் சிலர் புருவத்தைத் தூக்குவீர்கள். மேடைப் போட்டிக்குப் போன் வழியாக ஒருவனைச் சேர்க்கலாமா, விதியில் இடமிருக்கிறதா என்று ஒருத்தருக்குக்கூடத் தோன்றாதா? தோன்றவில்லை. நான் அவர்களை முட்டாள்களாக எழுதவில்லை. இந்தப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து சித்தப்பா கல்யாணத்துக்குப் போனில் போனவர்கள், தாத்தா காரியத்துக்குப் போனில் போனவர்கள். போனில் இருக்கிறவர் வந்திருக்கிறார் என்றுதான் அவர்கள் வீடுகளில் கணக்கு. “பெரியம்மா வந்துட்டாங்க, வணக்கம் சொல்லு” என்று போனைத் திருப்பிக் காட்டுவார்கள். வேறு எந்த ஊர்ப் பிள்ளைகளும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள்.

(அடிக்குறிப்பு: இங்கே வாட்ஸப்பில் எழுதலாம், படம் அனுப்பலாம், குட் மார்னிங் ரோஜாப் பூக்கள் அனுப்பலாம். பேச முடியாது. பேசுவதற்கு அனுமதி உள்ள ஆப் தனி. ஊரில் இருக்கிற மாமியார்கள் எல்லோரும் அதை இறக்கிக்கொள்ளக் கற்றுவிட்டார்கள்.)

5

சிக்கல், சத்தம் போய்ச் சேர எடுக்கும் நேரம். இவர்கள் பாடுவது திருச்சிக்குப் போகக் கொஞ்ச நேரம், அவன் ‘டும்’ திரும்பி வரக் கொஞ்ச நேரம். அவன் இவர்களுக்காக நிற்பான், இவர்கள் அவனுக்காக நிற்பார்கள். துள்ளலான பாட்டு ஒன்று மூன்றாவது அடிக்குள் ஒப்பாரியாகிவிட்டது. [எந்தப் பாட்டு என்று சொல்ல மாட்டேன். உரிமைக்காரர்கள் கதையையும் படிக்கிறார்களாம்.] வசந்தகுமாரி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, “யாருக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டார்.

வழி கண்டுபிடித்தவன் ஷ்யாம்தான்.

“கைஸ், நான் உங்களக் கேக்கறதாலதான் லேட் ஆகுது. நான் கேக்கவே மாட்டேன். ஸ்பீக்கர ஆஃப் பண்ணிடறேன். தன்யா, நீ வீடியோல விரலை மட்டும் இறக்கு. எனக்கு ஒரு பீட் முன்னாடியே இறக்கு. அப்புறம் நான் பாட்டுக்குப் போயிட்டே இருப்பேன்.”

“எங்க சத்தம் ஒண்ணுமே கேக்காதேடா உனக்கு?”

“கேக்காது. நீங்க இருக்கீங்கன்னு நம்பிட்டுப் பாடுறேன்.”

அப்படியே செய்தார்கள். தன்யா முதலில் அவனுக்கு மட்டும் விரலை இறக்குவாள், பிறகு மற்றவர்களுக்குத் தலையாட்டுவாள். திருச்சியில் எதிரொலி நன்றாக இருக்கிறது என்று ஷ்யாம் குளியலறைக்குள் நின்று, எதையும் கேட்காமல், மனசுக்குள் எண்ணிக்கொண்டே ‘டும், டும்’ என்று முழுப் பாட்டையும் முடிப்பான். அவன் குரல் இங்கே சரியாக வந்து உட்கார்ந்தது. நான்கு முறைக்கு மூன்று முறை.

இதை எழுதும்போது எனக்கு அவன் மேல் பிரியம் வந்துவிட்டது. எழுதுகிறவனுக்கு இது நல்லதல்ல.

ஈசாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஈசாவை உள்ளூர்ப் பையனாக, எமிராத்தியாக எழுதினேன். சேதுபதி அண்ணனுக்கும் திருப்தி, “பர்மிஷன் ஈசியா கிடைக்கும்” என்றார். ஆனால் அவன் வீட்டில் என்ன பேசுவார்கள், அவன் அம்மா அவனை எப்படித் திட்டுவார் என்று எழுத உட்கார்ந்தால் பேனா நகரவில்லை. இந்த நாட்டில் இத்தனை வருஷம் இருந்து, ஒரு உள்ளூர்க்காரரோடு நான் பேசிய பெரிய உரையாடல், லிஃப்டில் “எந்த மாடி?” என்பது. என் கஃபீலை, என் விசாவுக்குப் பொறுப்பானவரை, கையெழுத்தாக மட்டும் தெரியும். ஆகவே ஈசா இந்தக் கதையில் வாயால் டிரம்ஸ் அடிக்கிறான். அதற்கு மேல் அவனைப் பற்றித் தெரிந்த மாதிரி நடிக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

6

போட்டி நாள். துபாயில் ஒரு கல்லூரி அரங்கம். கல்லூரியின் பெயர் வேண்டாம்.

இவர்களுக்கு முன்னால் பாடியது ஒரு பணக்காரக் கல்லூரிக் குழு. எல்லோருக்கும் ஒரே மாதிரி கறுப்புக் கோட்டு, ஒரே மாதிரி பல். நன்றாகவே பாடினார்கள். வில்லன்கள் மோசமாகப் பாட வேண்டும் என்று எனக்கும் ஆசைதான், ஆனால் பாட்டு வாத்தியாருக்கு மாதாமாதம் அள்ளிக் கொடுக்கிற பிள்ளைகளை மோசமாகப் பாடவைத்தால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

பிறகு தன்யா குழு மேடைக்கு வந்தது. நாலு பேர், நாலு மைக். ஐந்தாவது மைக்குக்கு முன்னால் இன்னொரு ஸ்டாண்டில் ரப்பர் பேண்டு போட்ட போன். போனில் ஷ்யாமின் முகமும், அவனுக்குப் பின்னால் நீல வாளியும்.

முதல் வரிசையில் வசந்தகுமாரி. தன்யா நடுவில் நிற்கிறாளா என்று பார்த்தார். நடுவில் போன் நின்றது.

தன்யா விரலைத் தூக்கினாள். அப்போது கறுப்புக் கோட்டுக் குழுவின் தலைவன் எழுந்து ஆட்சேபித்தான். ஆங்கிலத்தில் சொன்னான், சாரம் இது: விதிப்படி மேடையில் மனிதக் குரல் தவிர எந்தக் கருவியும் கூடாது, அங்கே ஒரு கருவி இருக்கிறது.

அரங்கத்தில் சிரிப்பு. தலைமை நடுவர், இசைப் பள்ளி நடத்தும் ஒரு பெண்மணி, மேடை அருகே வந்தார். இங்கிருந்து எல்லாமே ஆங்கிலத்தில் நடந்தது, நான் தமிழில் தருகிறேன்.

“இந்தப் போனில் என்ன ஓடப் போகிறது? ரெக்கார்டிங்கா?”

“இல்லை மேடம், ஷ்யாம்” என்றாள் தன்யா, தூக்கிய விரலை இறக்காமலே.

“ஷ்யாம் எங்கே?”

“இதோ.” போனைக் காட்டினாள். “திருச்சியில்.”

“உங்கள் குழுவில் எத்தனை பேர்?”

“ஐந்து.”

“மேடையில்?”

தன்யா திரும்பி எண்ணிப் பார்த்தாள். அந்தக் கேள்வியை அதற்கு முன் அவளிடம் யாரும் கேட்டதில்லை. முகம் சிவந்துவிட்டது. ஆனால் வசந்தகுமாரியின் மகள் ஆயிற்றே, விடவில்லை.

“மேடம், எங்கள் எல்லார் குரலும் மைக்கில் போய், வயரில் போய், ஸ்பீக்கரில்தான் வருகிறது. அவனுக்கு வயர் கொஞ்சம் நீளம். அவ்வளவுதான்.”

நடுவர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: “நல்ல வாதம். ஆனால் மைக்குக்கு முன்னால் ஆள் இருக்க வேண்டும், கண்ணே. குழுவாகப் பாடுவது என்றால் ஒருவர் பாடுவதை ஒருவர் கேட்பது. அவனுக்கு நீங்கள் பாடுவது கேட்கிறதா?”

தன்யா போனில் ஷ்யாமின் முகத்தைப் பார்த்தாள்.

அப்போது ஈசா ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்று நான் எழுதவில்லை, காரணத்தை மேலே சொல்லிவிட்டேன். ஆனால் சொல்லிவிட்டு அவன் போய்ப் போன் ஸ்டாண்டின் பக்கத்தில் நின்றுகொண்டான். மற்ற இருவரும் போய் நின்றார்கள். ஷ்யாம் இல்லாமல் பாடுகிறீர்களா என்று நடுவர் கேட்டார். இல்லை என்று தன்யா தலையாட்டினாள். சேர்ந்தால் ஐந்து பேர், இல்லாவிட்டால் யாருமில்லை.

நடுவர் மற்ற இரண்டு நடுவர்களையும் பார்த்தார். மைக்கைக் கையில் எடுத்தார். ஷ்யாம் இருக்கிறானா, இல்லையா? போனில் வருவது ஆளா, கருவியா? தீர்ப்புச் சொல்ல வாயைத்—

7

நிறுத்திவிட்டேன். மூன்று வாரமாக இந்த இடத்திலேயே நிற்கிறேன். சேதுபதி அண்ணன் தினமும் கடைவாசலில் மறிக்கிறார்.

காரணம் சொல்கிறேன். போன ஆவணி மாதம் சேலத்தில் என் வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். நான் கட்டிய வீடு. லீவு கிடைக்கவில்லை, சைட்டில் கட்டடத்தை ஒப்படைக்கிற ஹேண்டிங் ஓவர் நேரம். ஷ்யாமின் அப்பாவைப் போல நானும் குடும்பத்தை ஏற்றிவிட்ட பேச்சிலர்தான், இதை நான் சொல்லாமலே நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள். மனைவி பானுப்பிரியாவும் மகள் அருணாவும் அங்கே. ஐயர் இரண்டு மணை போடச் சொன்னார். ஒன்றில் பானு உட்கார்ந்தாள். இன்னொன்றில் போனை வைத்தார்கள். ஐயர் சங்கல்பம் சொல்லச் சொல்ல நான் ரோலாவில் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து திருப்பிச் சொன்னேன். நான் ஒரு வரியை முடிப்பதற்குள் அவர் இரண்டு வரி தாண்டியிருப்பார். “சாரு கொஞ்சம் லேட்டா வர்றாரு, பரவால்ல” என்றார். கடைசியில் எல்லோருக்கும் சந்தனம் குங்குமம் வைத்தபோது போனின் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்தார். எனக்குத் திரை முழுக்கச் சிவப்பாகத் தெரிந்தது.

அடுத்த மாதம் ஆயுத பூஜை வந்தது. பானு வீடியோவில் காட்டினாள். அரிவாள்மனை, தையல் மெஷின், ஸ்கூட்டர், மிக்ஸி எல்லாவற்றுக்கும் பொட்டு. வரிசையில் அதே போனின் பழைய உறையும் இருந்தது, அதற்கும் பொட்டு.

எனக்குக் கோபம் வந்ததா சிரிப்பு வந்ததா என்று கேட்டால், சிரித்தேன். போனை வைத்த பிறகு கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. ஒரு மாதம் வீட்டுத் தலைவன், அடுத்த மாதம் மிக்ஸிக்குப் பக்கத்தில். அந்த நடுவர் அம்மாளிடம் நான் எந்த முகத்தோடு போய்த் தீர்ப்பு எழுதிக் கொடுப்பது?

8

சேதுபதி அண்ணனின் முடிவு:

“கதவு படார்னு திறக்குது. பேக்கோட ஷ்யாம் நிக்கிறான். ஏர்போர்ட்ல இருந்து நேரா வர்றான். ஸ்லோ மோஷன். எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க. டும்!”

“விசா யாருண்ணே எடுத்தது?”

“யோவ், சினிமாய்யா இது.”

“திருச்சியில குளியலறையில இருந்தவன், நடுவர் மைக்க எடுக்குறதுக்குள்ள எப்படிண்ணே வருவான்?”

அண்ணன் யோசித்தார். “சரி, அப்ப வீடியோல தெரிஞ்சது திருச்சி பாத்ரூம் இல்ல, காலேஜ் பாத்ரூம்னு வெச்சுக்குவோம். சர்ப்ரைஸ்.”

நீல வாளியோடு விமானம் ஏறினானா என்று நான் கேட்கவில்லை. முப்பது கிலோ ஞாபகத்துக்கு வந்தது.

இன்னொரு முடிவு, பத்திரிகைக்காரர்களுக்குப் பிடித்தது: போன் கூடாது என்று நடுவர் சொல்கிறார். நால்வரும் வாய் பேசாமல் நிற்கிறார்கள். அப்போது அரங்கத்தின் கடைசி வரிசையிலிருந்து ஒரு அடிக்குரல், டும். ஷ்யாமின் அப்பா! டூட்டி முடிந்து சீருடையோடு—

[வேண்டாம். எழுதும்போதே எனக்குக் கண் கலங்கியது, அதனால்தான் வேண்டாம். அந்த மனிதர் அன்று டூட்டியில் இருந்தார். அவருக்கு லீவு கிடைக்கவில்லை.]

நாகலிங்கத்தின் முடிவு: “கறுப்புக் கோட்டுக்காரன நாலு சாத்து சாத்தணும். கலாஸ், முடிஞ்சுது.”

மூன்றையும் அலசிப் பார்த்ததில் நாகலிங்கத்தின் முடிவில்தான் ஓட்டை குறைவு.

9

வெள்ளிக்கிழமை மத்தியானம், ஷார்ஜாவில் எங்களுக்கு விடுமுறை, ஊருக்கு வீடியோ கால் செய்தேன். அருணா எடுத்தாள். பிளஸ் டூ படிக்கிறாள். இங்கே பிறந்து, இங்கேயே வளர்ந்து, போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஏற்றிவிடப்பட்டவள். கதையை அவளுக்குச் சொன்னேன், நடுவர் மைக்கை எடுக்கிற இடம் வரைக்கும். ஓமத் தண்ணீருக்குச் சிரித்தாள். ‘வயர் கொஞ்சம் நீளம்’ என்ற இடத்தில் “செம டயலாக்ப்பா” என்றாள். பெருமையாக இருந்தது.

“சரி, இப்ப நீ சொல்லு. நீதான் ஜட்ஜு. மேடையில மொத்தம் எத்தனை பேரு?”

யோசிக்கவே இல்லை. “நாலு பேருப்பா. அவன்தான் திருச்சில இருக்கானே.”

என் முகம் திரையில் மாறியதைப் பார்த்திருப்பாள்.

“ஏம்ப்பா? ராங்கா?”

“இல்லம்மா. சும்மா கேட்டேன்.”

“இருங்கப்பா, அம்மா சாப்பிடக் கூப்புடறாங்க. உங்களையும் தூக்கிட்டுப் போறேன்.”

தூக்கிக்கொண்டு போனாள். வழியில் கூடம் தெரிந்தது, நான் பார்த்துப் பார்த்து டைல்ஸ் தேர்ந்தெடுத்த கூடம். சாப்பாட்டு மேசையில் ஊறுகாய் ஜாடிக்கு முட்டுக்கொடுத்து என்னை நிறுத்தினாள். சாம்பார் தெறிக்காத தூரத்துக்குத் தள்ளி வைத்தாள், முகம் நன்றாகத் தெரிகிறதா என்று கேட்டு என்னை ஒரு பக்கமாகத் திருப்பினாள். நாற்காலியில் இருந்த துணிகளை எடுத்துவிட்டு, “அப்பா பக்கத்துல நான்தான்” என்று உட்கார்ந்தாள். மேசையில் இரண்டு தட்டு இருந்தது. பானு இரண்டு தட்டிலும் சோறு வைத்தாள்.

வலித்தது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், இதுவரை கதை முழுக்கக் கேலி பேசியதற்குப் பிராயச்சித்தமாக இருக்கட்டும். நாலு என்று அவள் சொன்னது வலித்தது. என்னை அவள் அவ்வளவு பத்திரமாகத் தூக்கிப் போய்ப் பக்கத்தில் வைத்துக்கொண்டது அதைவிட வலித்தது. ஒரே பிள்ளை, ஐந்து நிமிஷத்துக்குள் இரண்டு தீர்ப்பு சொல்லிவிட்டாள். எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் அவள் மனதாரத்தான் சொன்னாள்.

10

ஆகவே முடிவு எழுத மாட்டேன். சேதுபதி அண்ணன் என் முப்பது கிலோவை வேறு எழுத்தாளருக்குக் கொடுத்துக்கொள்ளட்டும். வழக்கில் மாட்டியிருப்பவனே தீர்ப்பும் எழுதுவது முறையில்லை.

நீங்கள் எழுதுங்கள். உங்களுக்கு விசா பிரச்சினை இல்லை, சாம்பார் தெறிக்கும் பயம் இல்லை, அமைதியாக யோசிக்கலாம். விதி உங்களுக்குத் தெரியும். நடுவர் கேட்டது நியாயமான கேள்வி, தன்யாவிடம் அதற்குப் பதில் இல்லை, அதையும் நான் மறைக்கவில்லை. ஆனால் நிதானமாக யோசிக்க அதிக நேரம் தர முடியாது. திருச்சியில் அவன் அம்மா குளியலறைக் கதவைத் தட்ட ஆரம்பித்துவிட்டாள். ஷ்யாமுக்கு இங்கே பேசிய ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ஆட்சேபணை தெரியாது, சிரித்தது தெரியாது, மூவரும் அவன் பக்கத்தில் வந்து நிற்பதுகூடத் தெரியாது. அவனுக்குத் தெரிவது தூக்கிய ஒரு விரல் மட்டும். மூச்சை இழுத்துக் கட்டிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறான். தன்யாவுக்குக் கை வலிக்க ஆரம்பித்துவிட்டது.

சொல்லுங்கள், அந்த விரலை அவள் இறக்கலாமா?